தையல் இல்லாத ஆபரேஷன்

"தையல் எங்க அம்மணி?"

கேட்டவர் என் பெரியம்மா மகள் பூங்கொடி அக்காவின் மாமியார். ஹார்லிக்ஸ், பிரெட், சாத்துக்குடி சகிதம் அன்னூரிலிருந்து பஸ் ஏறி கோவை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அன்று காலைதான் அக்காவுக்கு ஆபரேஷன். நான் துணைக்கு இருந்தேன்.

"தையல் இல்லீங்கத்தை" என்றாள் அக்கா.

"தையலே இல்லாம அதென்ன ஆப்பரேசன்? ஊசி போட்டுத் தூங்க வெச்சு எழுப்பியுட்டாங்களாட்ட இருக்குது!"

போன வருடம் அக்காவுக்குக் கரு கலைந்தது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு மாதவிலக்கு வரவில்லை. வீட்டில் என்ன நினைப்பார்கள்? நாள் தள்ளிப் போயிருக்கிறது! அத்தை பக்கத்துத் தோட்டம் வரைக்கும் சொல்லிவிட்டார். மாங்காய்கூட வந்து இறங்கியது. பரிசோதித்தால்... ஒன்றுமில்லை. அப்புறம் அத்தை அந்தத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில்தான் விஷயம் தெரிந்தது. உள்ளே தழும்பு உண்டாகி, கர்ப்பப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டல் விலகினால்தான் மாதவிலக்கு. குழந்தை என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

நான் பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். ஆகவே, விளக்கும் பொறுப்பு என் தலையில்!

"பென்சில் தடிமன்ல ஒரு குழாய்ங்கத்தை. நுனில வெளிச்சம், கேமரா. வயித்தைக் கிழிக்காம, குழந்தை வர்ற வழியாவே உள்ள விட்டு, டிவில பார்த்துட்டே சின்னக் கத்தரியால ஒட்டுனதை வெட்டி விட்டுருவாங்க."

அத்தை யோசித்தார். "மூலைல ஒட்டடை அடிக்கறதாட்டமா?"

"அதேதானுங்க."

"ஒட்டடை மறுபடியும் கட்டுமே கண்ணு..."

டாக்டரம்மாவின் பயமும் அதுதான். திரும்ப ஒட்டாமலிருக்க மாத்திரை எழுதியிருந்தார். மாத்திரைகளை முடித்ததும் மாதவிலக்கு வந்தால் நல்ல அறிகுறி. வராவிட்டால்? அதை யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு என்றால் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் தொடக்கூடாது. தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். சுகாதாரம், விஞ்ஞானம், நியாயம் என்று மூன்று தலைப்புகளில் நான் அத்தையிடம் வாதாடியிருக்கிறேன். மூன்றிலும் தோல்வி. "படிச்சவீங்க ஆயிரம் சொல்லுவீங்க" என்று எழுந்து போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அத்தைதான்.

"கண்ணு, உங்கக்கா ஊட்டுக்குத் தூரமாயிட்டா!"

மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பேரன் பிறந்ததைச் சொல்கிற குரலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"அக்கா எங்கீங்கத்தை?"

"பாய்லதான் உக்காந்திருக்கறா. தனித் தட்டுலதான் சோறு. அதெல்லாம் முறைப்படிதான்..." குரல் இறங்கியது. "ஆனா, அவ வந்து சொன்னதும் நான் கட்டிப் புடிச்சுப்போட்டேன் கண்ணு. இப்பத்தான் தலைக்கு ஊத்திட்டு வாரேன்."

குழந்தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உள்ளே மறுபடி ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பார்க்கட்டும்.

என் மூன்று தலைப்புகளாலும் அசையாத விதி அன்று அசைந்துவிட்டது — அத்தையின் தலை காய்கிற வரைக்குமாவது!