வேஸ்ட் ஷாட்டில் நின்ற வீடு

டாக்குமெண்டரி எடுக்கிறவர்கள் கண்டதையும் எடுத்துத் தள்ளுவார்கள். அதை அள்ளுவது என் வேலை. ஒதியம்பட்டில் என் வீட்டுப் பின்னறையில் ஹார்ட் டிஸ்க்குகளை அடுக்கி வைத்து, எடுத்ததையெல்லாம் காப்பி பண்ணி எடிட்டருக்கு அனுப்புவேன். படம் டிவியில் வந்ததும் டிஸ்க்கை அழித்து அடுத்த படத்துக்குத் தரவேண்டும்.

மணப்பட்டுக் கடல் அரிப்புப் படம் வந்து முடிந்தது. அழிக்க உட்கார்ந்தபோது, அந்தப் படத்தில் பேசிய மீன்காரக்கா போன் செய்தார். அவர் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாற்று மனை கேட்டுப் போனால், அங்கே வீடே இருந்ததில்லை என்கிறாராம் அதிகாரி.

"நாள் பூரா எடுத்தீங்களேடா, என் வூடு எங்கடா அதுல?"

டிவியில் வந்ததில் வீடு இல்லை. அலை இருந்தது, அக்காவின் அழுகை இருந்தது. எங்கள் டைரக்டருக்கு அது போதும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"டிஸ்க் நாளைக்கு வேணும்பா" என்றார் டைரக்டர்.

"அந்த வூட்ட கண்டுபுடிக்காம தரமாட்டேன் சார்."

மொத்தத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கேமராமேன் டீ குடிக்கப் போனால் கேமராவை நிறுத்தமாட்டான். அது ஸ்டாண்டில் தன்பாட்டுக்கு ஓடி டிஸ்க்கைத் தின்னும். அதற்காக அவனைத் திட்டாத நாளில்லை. அப்படி ஓடிய ஒன்றில்தான் வீடு கிடைத்தது. கதவு, கதவுமேல் எண், கொடியில் புடவை. அக்கா மீன் கழுவிய தண்ணீரை வாசலில் வீசி ஊற்றுகிறார்.

டைரக்டரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "வெளியாளுக்கு ஃபுட்டேஜ் தரக்கூடாதுப்பா" என்றார்.

"சேனலைக் கேளுங்க சார். இப்பவே கேளுங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

டைரக்டர் போன் போட்டார். ஸ்பீக்கரில் சேனல்காரரின் பதில் வந்தது: "யூஸ் பண்ணாத வேஸ்ட் ஷாட்தான? என்னமோ பண்ணிக்கோங்க."

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கதவு எண் கலங்கிவிடும். லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு அக்காவோடு நானே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். ஓடவிட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்ய, இன்னா கோலத்துல எடுத்து வச்சிக்கிறான் பாரு!" அதே வேகத்தில் அதிகாரியிடம் திரும்பினார். "இப்ப சொல்லு சார், வூடு இருந்துச்சா, இல்லியா?"

அதிகாரி நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"விசாரிக்கணும். ஒரிஜினல் பத்திரமா இருக்குமா?"

"இருக்கும் சார்."

"எவ்ளோ நாளைக்கு?"

"இவங்களுக்கு மனை கிடைக்கிற வரைக்கும்."

வெளியே வந்ததும் டைரக்டரைக் கூப்பிட்டு, வேறு டிஸ்க் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.