பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்

சென்ற வாரம் மலாக்கா பாசார் அருகே என் மகளின் கார் படுத்துவிட்டது. மீனையும் கீரையையும் பின்னால் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாருக்கோ போன் போட்டாள். கால் மணி நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கையில் இரண்டு பேட்டரிகள்.

“இது ரொம்ப நாள் வரும்க்கா. அது மலிவுலா. எது போடட்டும்?”

“ஏதாச்சும் ஒன்னு போடுங்கண்ணே, மீனு கெட்டுப்போவுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரியை அப்படியா எடுப்பார்கள்? எண்பதைத் தாண்டிய உடம்பை மெதுவாக இறக்கிக்கொண்டு போய், அந்தப் பெட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்தேன். மகள் பதறினாள். “அம்மா, என்னாம்மா பண்றீங்க, ஆளுங்க பாக்கறாங்க!”

ஒரு வாசமும் இல்லை. நாலு பக்கமும் ஒட்டி மூடிய பெட்டி. திறக்க மூடிகூடக் கிடையாது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்து வேனும் போய்விட்டது. எனக்கு மட்டும் வீடு வந்து சேரும்வரை மூக்கில் அமில வாடை. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

அந்த வாடை மலாக்கா டவுனில், தெங்கேராவில், என் சித்தப்பாவின் பேட்டரிக் கடையில் இருந்தது. புளித்த பழத்தோடு துருப்பிடித்த இரும்பைச் சேர்த்து முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கொஞ்ச நேரத்தில் தொண்டை கமறும். என் பாவாடைகளில் எல்லாம் பொடிப்பொடியாக ஓட்டைகள். அமிலம் ஒரு துளி தெறித்தால் அன்றைக்குத் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போதுதான் வெளிச்சம் தெரியும். தீபாவளிக்கு எடுத்த நீலப் பாவாடை பொங்கலுக்குள் வானத்து நட்சத்திரமாகிவிட்டது. “ஒன்ன எவன் கட்டிக்குவான், சல்லடையக் கட்டிக்கிட்டு நிக்கறே” என்பாள் சித்தி.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போன அப்பா திரும்பவில்லை. அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டாள். சித்தப்பா என்னை வளர்த்து, ஆறாம் வகுப்புவரை படிக்கவைத்து, பத்தொன்பது வயதில் கடையில் உட்காரவும் வைத்தார். என் வேலை பேட்டரிகளின் அமிலத்தைச் சோதிப்பது. ஒரு கண்ணாடிக் குழாய், அதன் தலையில் ரப்பர் உருண்டை, உள்ளே மிதக்கும் ஒரு சின்னக் குண்டு. உருண்டையை அழுத்தி அமிலத்தை உறிஞ்சினால் குண்டு மேலே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அந்த அறை செத்தது. அந்தக் காலத்துச் சின்னக் கார்களின் பேட்டரியில் மூன்று அறைகள் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்றும் சாதிக்க முடியாது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று, தோட்டங்களில் அங்கங்கே சிதறிக்கிடந்த கூலிகளின் வரிசைவீடுகளை, அந்த லயங்களை, ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்வேலி போட்டுவிட்டார்கள். காலையில் கேட் திறக்கும், சாயங்காலம் மூடும். மூடினால் மூடியதுதான். டவுனில் இருந்த எங்களுக்கு அது காதால் கேட்ட சேதி. சாலையில் சோதனை போடுவார்கள், அதை மட்டும் பார்த்திருக்கிறேன். வேலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியவந்தது ஆறுமுகம் எங்கள் கடைக்கு வந்த பிறகுதான்.

ஒரு புதன்கிழமை காலை. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் திரிஷாக்காரர்கள் இரண்டு பேர் ஒரு கறுப்புக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து கடைமுன் விட்டார்கள். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்தான் ஆறுமுகம், தோட்டத்து டாக்சிக்காரர். உள்பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் தாயோடு இருந்துகொண்டு, நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவருவது அவர் பிழைப்பு. கைப்பிடி போட்டுச் சுற்றிக் காரைக் கிளப்பலாமே என்றார் சித்தப்பா. அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு கோணியிருந்தது. என்றோ கைப்பிடி திருப்பி அடித்து எலும்பு ஒடிந்து, வளைந்தபடியே ஒட்டிக்கொண்டதாம்.

“போன வாரம் வழியிலேயே நின்னுடுச்சிண்ணே. கேட்டு மூடி பத்து நிமிசம் கழிச்சிப் போய்ச் சேந்தேன். விடியவரைக்கும் ஸ்டேசன்ல ஒக்கார வச்சிட்டாங்க. இன்னொரு தடவ லேட்டானா பெர்மிட்டப் புடுங்கிடுவேன்னு சொல்லிட்டான். நம்பி எடுக்கற மாதிரி ஒன்னு குடுங்க.”

கப்பலில் வந்த புது பேட்டரி அவர் கைக்கு எட்டாது. சித்தப்பா தான் பிரித்துப் புதுத் தகடு போட்டுக் கட்டிய பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தார். மேலே பூசி அடைத்த தார் பளபளவென்று மின்னியது. சித்தப்பா ஏமாற்றுக்காரர் இல்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். தன் கைவேலையில் அவருக்குக் கொஞ்சம் கண்மூடித்தனம், அவ்வளவுதான். அந்தப் பேட்டரியை அன்று காலைதான் நான் சோதித்திருந்தேன். மூன்றாவது அறையில் குண்டு எழும்பவில்லை. சித்தப்பாவிடம் சொன்னதற்கு, “இப்பத்தான சார்ஜுலேருந்து எடுத்தது, போகப்போகச் சரியாயிடும்” என்றிருந்தார்.

ஆறுமுகம் பேட்டரியைப் பார்த்தார். பிறகு, என் கையில் இருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார்.

“நீ என்னா சொல்றே தங்கச்சி?”

சோறு போடும் மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் அந்தக் கோணிய மணிக்கட்டு மேசைமேல் என் கண்ணுக்கு நேராகக் கிடந்தது.

“அது வேணாம்ண்ணே. மூணாவது அறை சரியில்ல.”

“பாப்பா!” என்றார் சித்தப்பா.

ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது? மூலையில் கிடந்த ஒரு பழையதைக் காட்டினேன். ஒரு தோட்டத்துத் துரை கார் மாற்றியபோது கழற்றிப் போட்டது. தார் உரிந்து, கைப்பிடி அறுந்து, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். “அதப் பாருங்க. மொகம் நல்லால்ல. ஆனா மூணும் சமமா இருக்கு.” குழாயை எடுத்து மூன்று அறையிலும் ஒவ்வொன்றாக உறிஞ்சிக் காட்டினேன். மூன்று முறையும் குண்டு ஒரே உயரத்தில் நின்றது.

அவர் அந்த அசிங்கத்தையே எடுத்துக்கொண்டு போனார். சித்தப்பா தன் பேட்டரியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். மறுநாள் காலை நான் போனபோது, தான் கட்டிய பேட்டரியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது அறையில் தகடுகளுக்கு நடுவே வைக்கும் மரச்சில்லு ஒன்று வெடித்திருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, “இனிமே நீ பாத்துட்டுச் சொன்னாத்தான் சாமான் வெளிய போவணும்” என்றார். அன்று பசியாற எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் வாங்கிவந்தார்.

ஒரு மாதம் இருக்கும். ஆறுமுகம் ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு வந்து நின்றார். முந்தின நாள் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் சோல்ஜர்கள் நிறுத்திவிட்டார்கள். என்ஜினை அணைக்கச் சொல்லி, எல்லாரையும் இறக்கி, சீட்டைத் தூக்கி அரிசி இருக்கிறதா என்று குத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் ரோட்டோரத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டு கத்தியிருக்கிறாள்.

“போ போன்னு சொன்னதும் உள்ள ஏறுனேன். கையெல்லாம் வேர்வ. மூணும் சமம்னு ஒங்க கொரலு காதுல கேட்டுச்சி. கண்ண மூடிக்கிட்டு பட்டன அமுக்குனேன். ஒரே அமுக்கு, புடிச்சிக்கிச்சி. ஆம்பளப் புள்ள. தாயும் நல்லாருக்கு.”

சித்தப்பாவிடம்தான் சொன்னார். ஆனால் ‘ஒங்க’ என்றபோது என் பக்கம் திரும்பினார். அன்றோடு ‘தங்கச்சி’ நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறு எதையும் அவர் வைக்கவில்லை. “இங்க பாருங்க” என்பார். நானும் ‘அண்ணே’வை விட்டுவிட்டு “இந்தாங்க” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பார்க்கப்போனால் நாங்கள் பேசிய காதல் வசனம் அவ்வளவுதான். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அதற்கே எனக்குக் காது சூடாகும்.

பேட்டரியில் காய்ச்சி வடித்த தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். அவர் வாராவாரம் வந்தார். நான் மூடிகளைத் திருகித் திறந்து, தளும்ப இருக்கும் அறைகளில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவதுபோல் பாவனை பண்ணுவேன். அவர் பக்கத்தில் குனிந்து, குறைந்துவிட்டதோ என்று கவலையாகப் பார்ப்பார். தோட்டத்துக் கதை சொல்வார். அம்மா வேலியைக் கையால் தொட்டுத் தொட்டு நடப்பாள், கேட்டால் “எம்மாந்தூரம்னு அளக்கறேன்” என்பாளாம். ஒருநாள் அவர் போனதும் சித்தப்பா கேட்டார்: “அவன் வச்சிருக்கறது பேட்டரியா, மீன் தொட்டியா? இம்மாந் தண்ணி குடிக்குது?” நான் குழாயைக் கழுவப் போய்விட்டேன்.

ஏறக்குறைய மூன்று வருடம் அப்படி ஓடியது. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். அவர் எதற்குத் தயங்கினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் தயங்கியது அவர் கேட்கட்டும் என்றுதான்.

பிறகு, ஒரு நாள் நடந்து வந்தார். கார் இல்லை. விற்றுவிட்டாராம். “அம்மா வேலிக்குள்ள சாவ மாட்டேன்னு நிக்குது. ஊர்ல அதோட அண்ணன் இருக்காரு. நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு டிக்கட் எடுத்துட்டேன். கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வந்துடுவேன்.” மேசைமேல் கிடந்த கண்ணாடிக் குழாயை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். “வந்தா வேற காடி எடுப்பேன். நீங்கதான் பேட்டரி பாத்துக் குடுக்கணும், சரியா?”

“வாங்க, பாத்துத் தரேன்” என்றேன். போகாதீர்கள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் வரட்டுமா என்று கேட்கவும் தெரியவில்லை. கடை வாசலில் இறங்கி, சாலையைக் கடந்து, பஸ் வரும்வரை எதிரே நின்றார். பஸ் வந்து நகர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

இரண்டு வருடம் வந்த வரன்களைத் தட்டிக்கழித்தேன். சித்தி திட்டினாள். மூன்றாவது வருடம் தஞ்சோங் கிளிங்கில் கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் டவுனுக்கு வந்தால் சித்தப்பாவிடம், “யாராச்சும் வந்தாங்களா?” என்று கேட்பேன். யாரென்று அவரும் கேட்டதில்லை. “இல்லம்மா” என்பார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது விடுதி. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயங்களும் இல்லை, வேலி ஓடிய இடமும் தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்குப் போன கப்பலும் எப்போதோ நின்றுவிட்டது.

முந்தாநாள் பேத்தியிடம் இதில் பாதியைச் சொன்னேன். உடனே கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “பேரு சொல்லுங்க பாட்டி, தேடிப் பாத்துடலாம். அவங்க அப்பா பேரு என்னா? அந்த ஊரு பேரு?” எனக்கு இரண்டும் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மலாக்காவில் ‘டாக்சி ஆறுமுகம்’ என்றால் எந்தக் கடையில் கேட்டாலும் கை காட்டுவார்கள். அப்படிக் கை காட்டத் தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.