வெர்லின் அடித்த நீலம்

வெர்லின் ஹாட்ச் இருபத்தாறு வருடமாக அமெரிக்காவின் ஓரிகன் மாநில அரசுக் காட்டில் மரங்களுக்குக் குறி போட்டவன். வெட்ட வேண்டிய மரத்துக்கு நீலச் சாயம், மார்பளவில் ஒன்று, வேரடியில் ஒன்று. மரம் போன பிறகும் அடிக்கட்டை சாட்சி சொல்ல வேண்டுமே!

வடக்குச் சரிவில் பதினேழு தேவதாரு மரங்கள் நின்றன. அவனுடைய பூர்வகுடி இனத்துப் பெண்கள் கூடை முடையப் பட்டை உரித்த தழும்பு ஒவ்வொன்றிலும் உண்டு. அதை எழுதிக் கொடுத்தால் அரசு விட்டுவைக்கும். ஆனால் பட்டை எடுக்கும் இடத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. காட்டிய இடங்களின் கதி அவனுக்குத் தெரியாதா? மற்ற மரங்களோடு மரமாக அவற்றுக்கும் நீலத்தை அடித்துவிட்டான். ஏலம் வழக்கில் சிக்கிப் பத்து வருடம் கிடக்கும், அதற்குள் இனம் திருப்பிக் கேட்டுவரும் காடு நம் கைக்கு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

வழக்கு ஏழே வருடத்தில் தள்ளுபடியாகி ஏலமும் முடிந்தது. அடுத்த வருடம்தான் காட்டை அவன் இனத்துக்கே திருப்பித் தரும் சட்டம் வந்தது. ஊரே சால்மன் சுட்டுக் கொண்டாடியது. முந்தைய வெட்டு ஒப்பந்தங்கள் செல்லும் என்று அதே சட்டத்தில் ஒரு வரி! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"மண்ணு நம்மளது, மரம் ஏலம் எடுத்தவனோடதாம். நல்ல கூத்துடா!" என்றாள் அக்கா ஒடெஸா. இனத்தின் மன்றத்தில் உறுப்பினர் அவள்.

ஏலம் எடுத்தவனின் வெட்டு மேஸ்திரி கஸ் டில்லரி அந்தப் பதினேழு மரத்தையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "எனக்கு மட்டும் ஆசையாக்கா? விக்கிறதுக்கு முன்னால தழும்பு இருக்குன்னு எவனாவது ஒரு வரி எழுதியிருந்தா, வேற மரத்த எடுத்துக்குவேன். காகிதத்துல ஒண்ணுமில்லையே."

மூன்று நாளில் பதினேழும் விழுந்தன.

ஒடெஸா ஒரு அடிக்கட்டை முன் குந்தி, வேரடி நீலத்தைத் தடவினாள். "நீ லீவு போட்ட அன்னைக்கு எந்தக் கண்ணவிஞ்ச பயடா இத அடிச்சான்?"

"நான்தான்க்கா. தழும்பப் பாத்துட்டுதான் அடிச்சேன். எழுதினா இடம் தெரிஞ்சுடும்னு..."

அவள் நீலத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தச் சட்டத்த எழுதறப்ப நான் மேசையிலதான்டா இருந்தேன். இந்த மரத்த மட்டும் விடுங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. குறி போடறது என் தம்பி, அவன் தொடமாட்டான், எதுக்கு இடத்தச் சொல்லணும்னு நானும் முழுங்கிட்டேன்." அவள் எழுந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா. நான் வெளியாளா?"

வண்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அவன் நடந்தே ஊர் திரும்பினான்.