வெள்ளிக்கிழமை வராதவள்

கல் தரையில் பெஞ்சை இழுக்கிற சத்தம் இனிமையானது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். பல் கூசுகிற சத்தம்தான் அது. ஆனால் பத்தாம் வகுப்பில் சரித்திர டீச்சர் உள்ளே வந்து, "ம், திருப்பிப் போடுங்கம்மா" என்று சொன்னதும் வகுப்பு முழுக்க அந்தச் சத்தம் எழும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து தங்கள் பெஞ்சைப் பின்பக்கம் பார்க்கத் திருப்புவார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் ஒரு டெஸ்க். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வாசல்வரை வந்து முறைத்துவிட்டுப் போவார். எங்கள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் இருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கே அது கேட்கும். "இன்னாமா, தெனம் பெஞ்சைப் போட்டு உருட்டிக்கினு இருக்கீங்க, படிக்கிறீங்களா, குடி மாறுறீங்களா?" என்று சாயங்காலம் கேட்பார். கேட்கும்போது முகத்தில் பெருமை இருக்கும். எங்கள் வீட்டில் பத்தாவதுவரை வந்த முதல் ஆள் நான்.

அந்த டீச்சர் வருவதற்கு முன்னால் சரித்திரம் என்றால் நோட்ஸ். பழைய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் எழுதிக்கொண்டே போவோம். எத்தனை ராஜா, எத்தனை யுத்தம், எத்தனை கவர்னர் ஜெனரல், எத்தனை சட்டம். ஒருவர் செத்தாரா பட்டத்துக்கு வந்தாரா என்பதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறோம். புது டீச்சர் வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவர். புடவைத் தலைப்பில் கரித்தூள் இருக்கும், அதைப்பற்றி அவருக்குக் கவலையே இருக்காது. முதல் நாள் சரித்திரப் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய புஸ்தகத்தை ஒருத்தி தலையில ஏத்தினா கழுத்து ஒடிஞ்சுடும். நாலு பேரு ஆளுக்கொரு பக்கம் தூக்குங்க" என்றார். நான்கு நான்கு பேராக எங்களைப் பிரித்தார். அதற்கு நாங்கள் வைத்த பேர் செட்டு. ஒவ்வொரு பாடத்தையும் நான்கு துண்டாக்கி, செட்டில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லா செட்டிலிருந்தும் எழுந்துபோய் வகுப்பின் ஒரு மூலையில் கூடுவோம். அங்கே சண்டை போட்டு, புத்தகத்தைப் புரட்டி, டீச்சரைப் பிடித்து இழுத்துச் சந்தேகம் கேட்டு, தெளிந்தபிறகு அவரவர் செட்டுக்குத் திரும்பி மற்ற மூன்று பேருக்கும் சொல்லித்தர வேண்டும். என் துண்டை நான் சொன்னால்தான் அவர்களுக்கு அது கிடைக்கும், வேறு வழியில்லை.

என்னைப்பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வாசிப்பு ஏறியது, எழுத்து ஏறவில்லை. இன்றுவரை அப்படித்தான். மனதில் முழுசாக இருப்பது பேனா முனைக்கு வரும்போது எங்கேயோ தொலைந்துபோகும். எழுத்தைத் திருப்பிப் போடுவேன், பாதிச் சொல்லில் நிற்பேன், மற்றவர்கள் மூன்றாம் கேள்விக்குப் போகும்போது நான் முதல் கேள்வியில் வியர்த்துக்கொண்டிருப்பேன். இதை எழுதி முடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மக்கு என்று பேர். அந்த மக்குக்கு மைசூர் யுத்தத்தில் புள்ளலூர் துண்டு வந்தது. புள்ளலூர் நம் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, என் அத்தை வீட்டுக்கு அந்த வழியாக மாட்டுவண்டியில் போயிருக்கிறேன். அந்தப் பனைமரங்களை எனக்குத் தெரியும். வெடிமருந்து வண்டி தீப்பிடித்ததை, வெள்ளைக்காரப் படை நடுவில் மாட்டிக்கொண்டதை, ஏதோ தெருச்சண்டையை நேரில் பார்த்துவிட்டு வந்தவள்போலச் சொன்னேன். அவர்களுக்கு உதவி செய்ய வேண்டிய இன்னொரு படை இங்கே காஞ்சிபுரத்திலேயே இருந்தது, போய்ச் சேரவில்லை என்றதும் எங்கள் செட்டில் ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு, "இங்கியேவா இருந்தாங்க? அப்புறம் ஏன் போவல?" என்றாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர், "அதைத்தான் நீங்க நாலு பேரும் பேசணும்" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். நான் பேச, நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டீச்சர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் எழுத்துப் பரீட்சை. செட்டில் யார் மிகக் குறைவாக வாங்குகிறாளோ அவள் மார்க்தான் நான்கு பேருக்கும் மார்க், ரிப்போர்ட்டிலும் அதுதான் ஏறும். இது முதல் விதி. கெட்டிக்காரி தனக்கு மட்டும் படித்துக்கொண்டு போய்விடக் கூடாது, பின்தங்கியவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தார். அன்று வராதவளின் மார்க்கைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது இரண்டாவது விதி. எங்கள் ஊரில் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். முகூர்த்தக் காலம், அவசரப் புடவை, வீட்டில் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்ற ஆள் வேண்டும். அந்தப் பெண்ணையோ அவள் செட்டையோ அதற்காகத் தண்டிப்பது பாவம் என்று டீச்சர் நினைத்தார். இரண்டுமே நல்ல எண்ணத்தில் வைத்த விதிகள். ஒன்றை மட்டும் வைத்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன்.

எங்கள் செட்டில் ஒரு கெட்டிக்காரி இருந்தாள், மளிகைக்கடைக்காரர் மகள். வகுப்பில் எப்போதும் முதல் இரண்டு மூன்று பேருக்குள் வருகிறவள். அவள் அப்பா ஏற்கெனவே வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார், மார்க் குறைந்தால் அன்றோடு படிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவள் ரிப்போர்ட்டில் என் மார்க் ஏறியது. அவள் கெட்டவள் இல்லை. முதலில் எல்லாரும் என்னைத் தூக்கிவிடத்தான் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க என்னை எழுத வைப்பார்கள், ஒருத்தி கையைப் பிடித்துக்கூட எழுத வைத்தாள். வாயால் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வேன், வெள்ளிக்கிழமை பேப்பரைக் கொடுத்ததும் கை நின்றுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மார்க்கைப் படித்தபோது கெட்டிக்காரி டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வீட்டில் என்ன நடந்ததோ, மறுநாள் கன்னம் வீங்கியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரும் எங்கள் தெருமுனை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்கள். ஒருத்தி தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து எனக்கு வைத்துவிட்டாள். கெட்டிக்காரிதான் பேசினாள். "நாளைக்கு மட்டும் வராத இருக்கியாமா? மத்த நாளெல்லாம் வா. நீ சொன்னாதான் எங்களுக்குப் பாடமே புரியுது. பரீட்சைக்கு மட்டும்தான்." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவு பிரியமாகக் கேட்டதற்கு என்ன சொல்வது? சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினேன். அம்மன் கோயிலுக்குப் போக முடியாது, வெள்ளிக்கிழமை அங்கே பாதிச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தேன். அந்தக் காலத்தில் அங்கே ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றுமதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சந்நிதிகள், ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு. அதில் ஒன்றில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். சரித்திரப் பரீட்சைக்குப் பயந்து பல்லவ ராஜா கட்டிய கோயிலில் ஒளிந்துகொண்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திங்கட்கிழமை மார்க் படித்தார்கள். எங்கள் செட்டு முதலில் வந்திருந்தது. "பாத்தீங்களா, சேர்ந்து படிச்சா இப்பிடித்தான்" என்று டீச்சர் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். வகுப்பே கைதட்டியது. நானும் எழுந்து நின்றேன், நானும் கைதட்டினேன்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை என்றால் கைலாசநாதர்தான். யாரும் என்னிடம் மறுபடி கேட்கவேண்டியிருக்கவில்லை. டீச்சர் ஒருமுறை, "வீட்ல வேலை ஜாஸ்தியாமா?" என்று கேட்டார், தலையை ஆட்டினேன். கொஞ்ச நாளில் அரையாண்டுப் பரீட்சைக்குத் தயார் செய்ய மற்ற நாட்களிலும் பரீட்சை வைக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமலே அந்த நாட்களையும் விட்டேன். நான் இல்லாததால் என் துண்டையும் செட்டில் மற்றவர்களே பிரித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் போவதற்கு என்ன இருந்தது? தினமும் டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பி, தினமும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நான் வீடு திரும்பிக் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார். ரயிலை விட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா தறியிலிருந்து எழுந்து வருவதற்குள் பொரிய ஆரம்பித்துவிட்டார். "உங்க தறி ஓடணும்னா பொண்ணு படிப்பைத்தான் பலி குடுக்கணுமா? உங்க பொண்ணு வாயத் தொறந்தா வகுப்பே கேக்குது, தெரியுமா உங்களுக்கு? அவளப் போயி தார் சுத்த வெச்சிருக்கீங்களே" என்றார். அப்பா முழித்தார். "நான் எங்கம்மா நிறுத்தினேன்? தெனம் சோறு கட்டிக்கினு உங்க இஸ்கூலுக்குத்தானே வந்துக்கினு இருக்குது?" என்றார். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேன். பேச எனக்கு எப்போதுமே வரும். நான் பரீட்சை எழுதினால் மற்றவர்களுக்கு மார்க் குறைகிறது, அதனால் அவர்கள் வரவேண்டாம் என்றார்கள், நானும் சரி என்றேன் என்று சொன்னேன். டீச்சர் அப்பா பக்கம் திரும்பினார். இனிமேல் செட்டே கிடையாது, மார்க்கைத் தனித்தனியாகப் போடுகிறேன், நாளையிலிருந்து அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "நல்ல மனசோட வந்திருக்கீங்க. உங்க மேல எனக்கு வருத்தம் இல்லமா. ஆனா எம்பொண்ணு இன்னொருத்தர் மார்க்கைக் கொறைக்கறதுக்கு அங்க வர வேணாம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அம்மா தடுத்துப் பேசியிருப்பாள். என் படிப்பைக் காப்பாற்ற ரயிலை விட்டுவிட்டு வந்தவர் வந்த அன்றைக்குத்தான் என் படிப்பு நின்றது.

மறுநாளிலிருந்து வீட்டில் தார் சுற்றினேன். காதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பக்கம்தான். பெஞ்சு இழுக்கிற சத்தம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சில நாள் கழித்து, காற்று இந்தப் பக்கம் அடித்தபோது டீச்சர் குரல் கேட்டது. ஒரு வரியை இரண்டு தடவை சொல்லி, நிறுத்தி, அடுத்த வரிக்குப் போனார். நோட்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். பாவி நான்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன் என்று அழுதேன். கெட்டிக்காரிக்கு மார்க் குறையவில்லை. ஆனாலும் வரன் அமைந்ததும் பதினோராவது முடிக்கவிடாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் இதெல்லாம் எதற்கு நடந்தது?

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருமுறை ரயில்வே ஸ்டேஷனில் டீச்சரைப் பார்த்தேன். முடி வெளுத்திருந்தது. என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நான் நன்றாக இருக்கிறேனா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போதோ பாதியில் விட்ட பேச்சைத் தொடருகிறவர்போல, "தறி வேலைன்னு நின்னுபோற புள்ளைங்க பாவம்னுதான் வராதவங்கள விட்டுட்டேன். அதுல இப்பிடி ஒரு ஓட்டை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லமா" என்றார். அதற்கப்புறம் எந்த வகுப்பிலும் பெஞ்சைத் திருப்பவில்லை என்றும் சொன்னார். புள்ளலூர்ப் பாடம் எனக்கு ஒரு வரி விடாமல் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். வண்டி வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பா வீட்டோடுதான் தங்கிவிட்டோம், இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா போய்விட்டார், தறியையும் எடுத்துவிட்டோம். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் அங்கேதான் படிக்கிறாள். அவளைக் கேட்டதற்கு, "புது மிஸ் வந்துருக்காங்க ஆயா. குரூப் குரூப்பா உக்கார வெச்சு எங்களையே பாடம் எடுக்கச் சொல்றாங்க, செம ஜாலியா இருக்குது" என்றாள். மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். "குரூப்புக்கு சேர்த்துதான் ஆயா, அன்னிக்கு வந்தவங்கள மட்டும் கணக்குல எடுத்துப்பாங்க" என்றாள். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். எழுந்துபோய் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறேன். இப்போது அங்கே புல்தரையும் கம்பிவேலியும் போட்டிருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் மதிலோரச் சந்நிதிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவேன். யாரும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமை ஒன்றில் யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையும் சாப்பாட்டு டப்பாவும். "இஸ்கூல் லீவாமா?" என்று கேட்டேன். "ஆமா ஆயா, லீவு" என்றாள். காலையில் பெஞ்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் கிளம்பி வந்திருந்தேன். அந்தப் புது மிஸ்ஸிடம் போய்ச் சொல்லலாம். நல்ல மனசுக்காரி என்றால் நேராக இவள் வீட்டுக்குப் போய் நிற்பாள். அங்கே இவள் அப்பா என்ன சொல்வாரோ. சொல்லாமல் விட்டால் இவள் அடுத்த வாரமும் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள். ஒரு வழியும் தெரியாமல் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல ஆயா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.