விழு என்றாள், நின்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்து மதியங்களில், உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் இருந்த தெரப்பி நிலையத்துக்கு மகள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவாள். பக்கவாதத்தில் என் வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.

வலது காலை ஊன்றினால் அடியில் தரை இருக்கிறதா என்றே தெரியாது. பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் உள்ளே வந்து தரையெல்லாம் குளம் மாதிரி மின்னும். இரண்டு கம்பிகளுக்கு நடுவில், இடது கையால் ஒன்றைப் பிடித்தபடி, யாருடைய கனவிலோ நிற்பது போல நிற்பேன்.

அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிற ஆள் நான். அப்போது விழுந்துவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதையும் பிடிக்காமல் நிற்க வரவில்லை என்றால் என்னை வீட்டில் தனியாக விட முடியாது. மகள் வேலையை விட வேண்டியதுதான். அவள் லீவும் முடியப்போகிறது.

தெரப்பிஸ்ட் ஒரு சீனப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். அவள் ஆங்கிலத்தில் சொல்வதற்கெல்லாம் 'ஓகே, ஓகே' என்று தலையாட்டுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பாதி புரியாது. கேட்கவும் வெட்கம். "லெட் கோ, ஆன்ட்டி" என்பாள். எனக்குக் 'கோ' மட்டும்தான் புரியும். போகச் சொல்கிறாள் போல என்று கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டு ஓர் அடி வைப்பேன்.

ஒருநாள் அவள் யாரிடமோ ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, சிரித்த முகமாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, விழு! விழு!"

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, ஏம்மா என்னைய விழச் சொல்ற?"

பக்கத்தில் பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் காலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"விடுன்னு சொல்லுது லா அக்கா! கம்பிய விடணுமாம். நீங்க பாட்டுக்குப் பொத்துன்னு விழுந்து வச்சிடாதீங்க!"

அவளுக்கும் ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் முகம் சிவந்துபோனது. "அய்யோ, சாரி லா ஆன்ட்டி!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வது சின்ன வயதுப் பழக்கம். இடது கை தானாக வாய்க்குப் போனது. ஜன்னலில் மழை மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் என்மேல் படாமல் அணைவாக நீட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, என் கையில் கம்பி இல்லை. காலுக்கடியில் தரை இருந்தது.

தெரிந்த உடனே பயந்துபோய் மறுபடி பிடித்துக்கொண்டேன், அது வேறு.

அந்தத் தமிழர் அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். அதன்பின் அவள் 'விழு' என்றால் நான் விடுவேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பிறகு ஒரு நிமிடம். லீவு முடிந்ததும் மகள் வேலைக்குத் திரும்பினாள்.

இப்போது லீவு நாட்களில் இருவரும் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறோம். சிராங்கூன் ரோட்டைக் கடக்கப் பச்சை விளக்கு எரியும்போது, மல்லிகை வாசத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பழைய பயம் வந்து நெஞ்சைப் பிடிக்கும். எங்கிருந்தோ அந்தப் பெண்ணின் குரல் 'விழு' என்னும். மகள் கையை விட்டுவிட்டு நடக்கிறேன், அந்தத் தப்பான சொல்லைப் பிடித்துக்கொண்டு.