மேயர் வாசலில் நின்ற கல்யாணம்

கொரோனா வந்த முதல் வருஷம், ஆவணி மாதம். காரமடைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், என் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு என் மகளுக்குக் கல்யாணம். ஐம்பது பேர்தான் கூடலாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. நோட்டும் பேனாவுமாகப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்கு முன்பே யாரைக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ஒருவரை விடுவதற்கென்றே அரசாங்கம் இப்படி ஒரு விதி போட்டதுபோல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஒருவர் எங்கள் ஊராட்சித் தலைவர்.

அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன் நான். பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருபத்தைந்து வருஷ வேலை, வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம், ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். இது போதாதா என்று நினைத்தேன். பதினாறு பக்கத்தில் தேர்தல் அறிக்கை அச்சடித்தேன். அதை முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர், அவருக்கு எங்கள் ஊரில் ஓட்டில்லை.

எதிராளி பந்தல்காரர். சேர், ஷாமியானா, அண்டா, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவர் அறிக்கை எதுவும் போடவில்லை. வீடு வீடாகப் போய், "போன விசேசத்துல உங்களுக்குச் சேர் கொஞ்சம் பத்தாமப் போச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஜெயித்துவிட்டார். எனக்குக் கொடுத்த சின்னம் பூட்டு சாவி. நான் தோற்ற மூன்றாம் மாதம் நாட்டையே பூட்டினார்கள். "சின்னத்துக்கு இருந்த செல்வாக்கு எனக்கு இல்லாமப் போச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஊரடங்கில் பந்தல்காரர் தொழில் படுத்துவிட்டது. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஆனால் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. மற்ற ஊர்களில் ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஜனங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். இவர் தன் குடோனில் கிடந்த சிவப்பு சேர்களை ஆறடிக்கு ஒன்றாகப் போட்டு, மேலே ஷாமியானாவும் கட்டி, எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். அரிசி வாங்கப் போன என் மனைவி கல்யாணத்துக்குப் போய்வந்தவள் மாதிரித் திரும்பி வந்தாள். "நல்லா ரோசனை பண்ணியிருக்காருங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவர் நகர்ந்ததும் அந்தச் சேரில் அடுத்தவர் போய் உட்கார்ந்தால் தொற்றாதா என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கேள்வி கேட்டேன். மறுநாளே சேர் மாறி உட்காருவதை நிறுத்திவிட்டார். டோக்கன் நம்பரை மைக்கில் கூப்பிட ஏற்பாடு செய்தார். அதோடு விட்டாரா, நல்ல யோசனை சொன்னதற்கு எனக்கு நன்றி என்று குரூப்பிலேயே போட்டார். பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பிறகு பேப்பரில் அவர் படம் வந்தது. தென்னைக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அவரே மருந்தடித்தார். தொற்று வந்ததால் தகரம் வைத்து அடைத்த வீடுகளுக்குப் பாலும் காய்கறியும் வாசற்கதவில் தொங்கவிட்டுவிட்டு, எட்டி நின்று, "அம்மணி, வெச்சுப்போட்டனுங்க, எடுத்துக்குங்க" என்று குரல் கொடுப்பார். கோயமுத்தூர் மாநகராட்சிக்கே அப்போது மேயர் கிடையாது, தேர்தல் நடக்காமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. 'கோயமுத்தூருக்கே இல்லாத மேயர் நம் ஊருக்குக் கிடைத்திருக்கிறார்' என்று குரூப்பில் நக்கலாக எழுதினேன். ஒருவருக்கும் நக்கல் புரியவில்லை. வரிசையாகக் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். மறுநாளிலிருந்து ஊரே அவரை மேயர் என்று கூப்பிட ஆரம்பித்தது. பட்டம் சூட்டியவன் நான்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் ஊரில் விசேஷம் வைப்பவர்கள் மேயர் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். அவரே அனுமதி வாங்கித் தருவார், ஆள் கணக்கும் பார்த்துச் சொல்வார். அவர் வாசலில் போய் நிற்க எனக்கு மனசில்லை. மேலதிகாரிகளுக்கு நானே நேராக எழுதினேன், இரண்டு பக்கம். 'தாங்கள் நேரில் வருகை தந்து ஆய்வு செய்வதாயினும் மனமுவந்து வரவேற்கிறேன்' என்று முடித்திருந்தேன். அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அனுமதியும் வந்தது.

பொள்ளாச்சி சம்பந்தி வீட்டுக்கு இருபத்தைந்து, நமக்கு இருபத்தைந்து. பட்டியலைப் பார்த்த மனைவி, "மேயரைக் கூப்பிடாட்டி நல்லாருக்காதுங்க" என்றாள். சட்டம் ஐம்பதுதான் என்றேன். "உங்க மேனேஜர் பேரு இருக்குதே. அவரு நம்ம புள்ளையப் பாத்ததுகூட இல்லீங்களே" என்றாள். பட்டியலை மூடிவைத்தேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பொள்ளாச்சி வேன் வந்தது. சொன்னபடி இருபத்தைந்து பேர், மாப்பிள்ளையோடு சேர்த்து. நம் ஆட்களும் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் மாஸ்க், வாசலில் சானிடைசர். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கேட்டருகே ஒரு ஜீப் நின்றது. சுகாதார ஆய்வாளர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மேயர்.

கூப்பிடவில்லை என்ற கோபத்தில் ஆளைக் கூட்டிவந்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். ஆய்வாளர் விரல் நீட்டி எண்ணினார். சமையல் பக்கமும் எட்டிப் பார்த்து எண்ணினார். "அறுபத்தொண்ணு இருக்குதுங்களே" என்றார்.

இருக்கவே இருக்காது என்று பட்டியலை எடுத்து நீட்டினேன். வரிசை எண், பெயர், ஊர், உறவு என்று கட்டம் போட்டு எழுதியது. அவர் நிதானமாகப் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"இதுல பொண்ணு பேரு எங்கீங்க?"

இல்லை. பெண் பேர் இல்லை. என் பேர் இல்லை, என் மனைவி பேர் இல்லை. கூப்பிட வேண்டியவர்களைத்தானே நாம் எழுதுவோம், நம்மை நாமே எங்கே கூப்பிடுகிறோம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீரெல்லாம் நடத்திவைக்கிற அருமைக்காரரும் அவர் சம்சாரமும் இல்லை. மங்கல வாழ்த்து பாடுகிறவர் இல்லை. மேளத்துக்கு இரண்டு பேர், சமையலுக்கு இரண்டு பேர், போட்டோக்காரர் ஒருவர். மொத்தம் பதினொன்று. கொள்முதல் பிரிவில் இருபத்தைந்து வருஷம் என்று சொன்னேன் இல்லையா.

"பதினோரு பேரு வெளிய போகோணுமுங்க. இல்லீன்னா நிறுத்திப்போட்டு எழுதித்தான் ஆகோணும். எனக்கும் மேல பதில் சொல்றதுக்கு ஆள் இருக்குது" என்றார் ஆய்வாளர்.

நான் மேயரிடம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுக்குத்தான் கூட்டியாந்தீங்களா?" என்றேன்.

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் கையெழுத்து. "மனமுவந்து வரவேற்கிறேன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கீங்க. தலைவரும் கூட இருக்கோணும்னு அவரை நாந்தான் ஊட்டுல போய்க் கூட்டியாந்தேன்."

யாரை வெளியே போகச் சொல்வது? எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தத்தை, ஒறம்பரையை, எழுந்து போகச் சொன்னால் அது மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லாத விவகாரம். எங்கள் பெரிய மாமா இருக்கிறார், ஒரு வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பதற்காக அந்த வீட்டுத் தெருவிலேயே நடப்பதில்லை. அவரிடமா சொல்வது? சம்பந்தி வீட்டாரிடம் சொன்னால் சம்பந்தமே போய்விடும். நிலைவாசலில் என் மகள் முழு அலங்காரத்தோடு வந்து நின்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா எதையாவது செய்துவிடுவார் என்கிற நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாள். எனக்கு மனு எழுதத்தான் தெரியும்.

"ஏனுங்ணா, நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுங்களா?" என்று மேயர் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன்.

அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தபடியே பெரிய மாமாவைக் கூப்பிட்டார். "மாமா, கொஞ்சம் இப்படி வாங்க. ஆபீசருங்க ரோட்டுல நிக்கறாங்க. பொள்ளாச்சிக்காரங்க முன்னால ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிரக் கூடாதுங்க. வெளிய நின்னு பேசிச் சமாளிக்க வெவரமான ஆளுக வேணும். நீங்க முன்னால நின்னீங்கன்னாத்தான் ஆகும். கூட ஒரு பத்துப் பேரை நீங்களே பாத்துக் கூட்டியாங்க."

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பிப் பந்தலை ஒரு பார்வை பார்த்து, ஆள் பொறுக்க ஆரம்பித்தார். "ஏப்பா, நீ வா. நீ வேண்டாம், உனக்குப் பேச வராது." பேச வராதவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. என் அத்தை வீட்டு மாமா, "என்னையெல்லாம் கண்ணுக்குத் தெரியலியா?" என்று தானாக எழுந்து போனார். என் மேனேஜர் யாரும் கூப்பிடாமலே போய் நின்றுகொண்டார். மேயர்தான், "போதுமுங்க, போதுமுங்க, எச்சாயிருச்சு" என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. எந்த இடத்திலிருந்து ஒருவரையும் கிளப்ப முடியாது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேனோ, அங்கே வெளியே போகப் போட்டி நடந்தது.

மேயர் யாருக்கோ போன் செய்தார். ஒரு டெம்போ வந்தது. எதிர்ப்புறம் புங்க மரத்து நிழலில் பதினோரு சிவப்பு சேர், ஆறடிக்கு ஒன்று. உள்ளே பாடுகிற வாழ்த்து அவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஒரு ஸ்பீக்கர். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

அந்த நேரத்தில் நியாயமாக எனக்கு நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது, இரண்டாவதாக. முதலில் வந்தது, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்கிற வயிற்றெரிச்சல்.

முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது. தாரை வார்த்ததோடு என் வேலை முடிந்தது. கேட்டுக்குப் போனேன். ஆய்வாளர் பக்கத்தில் மேயர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "உள்ள வாங்க" என்றேன். அந்தக் கல்யாணத்துக்கு அவரை நான் முதல்முதலாகக் கூப்பிட்டது அப்போதுதான்.

"இருக்கட்டுங்ணா. இப்ப ஐம்பது சரியா இருக்குது. நான் வந்தா ஐம்பத்தொண்ணுங்க."

குத்திக் காட்டிச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். சேர் கணக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நான் வெளிய நிக்கறனுங்க. நீங்க போய் வாழ்த்திப்போட்டு வாங்க" என்றேன். அவர் தயங்கினார். ஆய்வாளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதானுங்களே" என்றார். மேயர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"நீ எதுக்கு இங்க வந்தே? நாங்கதான் இருக்கறமே" என்றார் பெரிய மாமா. எனக்குச் சேரும் இல்லை. மரத்தில் சாய்ந்து நின்றேன்.

உள்ளே மேயர் ஏதோ சொல்ல, என் மகள் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது. நாலைந்து நாளாக வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. நான்தான் சிரிக்க விடவில்லை. ஒருவரை எப்படி வெளியே நிறுத்துவது என்பதிலேயே கண்ணாக இருந்ததில், பெற்ற பெண்ணின் பெயரையே எழுத மறந்தவன் நான் என்பது அந்தப் புங்க மரத்தடியில்தான் முழுசாக உறைத்தது.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்றைக்கும் பேப்பரில் அவர் படம் வந்தால் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறேன். ஆனால் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் பட்டியல் எழுதினாலும், அவர் பெயரை எழுதிய பிறகுதான் மற்றவர்கள் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நான் வெளியே நின்ற அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர், அடுத்த கல்யாணத்துக்கு அன்னூர் போகிற அவசரத்தில், இரண்டு குடும்பத்தையும் நிற்க வைத்துப் பெரிய படத்தை எடுத்து முடித்திருக்கிறார். நோய் அடங்கிய பிறகு பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டு விருந்து. ஐம்பது பேர் கணக்கால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போன மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரிய படத்தில், என் மனைவிக்குப் பக்கத்தில் நிற்கிற மேயர் மேல் விரல் வைத்து, "பொண்ணோட அப்பா நல்ல களையா இருக்காருங்க" என்றார். பிறகு அந்தப் படத்தில் எங்கேயும் இல்லாத என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏதாவது பேச வேண்டுமே என்ற மரியாதையில் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங், நீங்க சமையலுங்களா, போட்டோவுங்களா?"