பாப்பா கவுனில் என் பட்டனைக் காணோம்

தம்பி மகளுக்கு நானே ஒரு கவுன் தைத்துக் கொடுத்திருந்தேன். முதுகில் முத்து மாதிரி பட்டன் வைத்தது.

இன்று போனால் பாப்பா அதைத்தான் போட்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கித் திருப்பினால் பட்டனைக் காணோம்! நாடா தொங்குகிறது.

"மல்லாக்கப் படுத்தா பட்டன் குத்துதுங்க அண்ணி. எங்கக்காதான் பிரிச்சு நாடா வச்சுக் குடுத்துச்சுங்க" என்றாள் தம்பி பொண்டாட்டி. ஒட்டன்சத்திரத்துக்காரி, நம்மைக் குத்துவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் குத்துவாள்.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அடி ஆத்தி, நாடா எம்புட்டு அழகா இருக்கு! யாரு வச்சது?" என்கிறாள். கவுனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்பும்போது, "நாடா அவுந்து கெடக்கு, கட்டி விடுறேன்" என்று, ஆட்டைக் கட்டுகிற மாதிரி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போன். "அண்ணி, முடிச்சு அவுக்க முடியலைங்க. செத்த வந்துட்டுப் போங்க."

"உங்கக்காவைக் கூப்பிடு தாயி. வச்சவுகளுக்கு அவுக்கத் தெரியாதாக்கும்?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

நான் செய்தது தப்பா? அத்தைமார் மட்டும் பதில் சொல்லுங்கள்.